ஒரு பானை, ஒரு துணிப்பை, மூன்று வருட வீட்டு பீர்

மெல்போர்னில் ஒற்றைப் படுக்கையறை வீடு, மின்னடுப்பு, பால்கனிகூடக் கிடையாது. இதில் முழுத் தானிய பீர், அதாவது டின்னில் வரும் மால்ட் பாகைக் கரைக்காமல் பார்லி மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) நாமே ஊறவைத்துக் காய்ச்சுவது, நடக்குமா என்றால் நடக்கும், ஆனால் ஒரே தடவையில் வழக்கமான 23 லிட்டர் காய்ச்சும் ஆசையை விட்டுவிட வேண்டும். நான் காய்ச்சுவது தடவைக்கு 8 லிட்டர்தான். (இங்கே சொந்தத் தேவைக்குக் காய்ச்சலாம், விற்கக்கூடாது. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கே அது குற்றம்.)

சாமான் என்று பார்த்தால் 15 லிட்டர் எவர்சில்வர் பானை, ஜன்னல் திரைச்சீலைத் துணியில் தைத்த பை, வெப்பமானி, ஹைட்ரோமீட்டர் (எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று காட்டும் அடர்த்திமானி; வெறும் தண்ணீர் 1.000), மூடிபோட்ட வாளி. 13 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, பையை உள்ளே விரித்து 1.8 கிலோ மால்ட்டைக் கொட்டினால் 67-இல் வந்து நிற்கும். அது ஒரு மணி நேரம் அப்படியே நிற்க வேண்டும், முதல் வருடம் நான் கோட்டைவிட்டது இங்கேதான். சின்னப் பானை சீக்கிரம் ஆறும். குளிர்காலத்தில் திறந்து பார்த்தால் 61. பீர் சப்பென்று, உடம்பே இல்லாமல் வந்தது. சரி, அடுப்பை மூட்டிச் சூடேற்றலாம் என்று பார்த்தேன், பை அடியில் ஒட்டிக் கருகியதுதான் மிச்சம். இப்போது பழைய கம்பளி இரண்டைச் சுற்றி வைக்கிறேன், ஒரு டிகிரிக்கு மேல் இறங்குவதில்லை.

அடுத்தது அரைப்பு. 1.048 வர வேண்டிய அடர்த்தி 1.038, 1.040 என்றே நின்றது, நானும் தெர்மாமீட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். மால்ட் கொரகொரப்பாக இருந்ததுதான் காரணம். இரண்டு முறை அரைத்து வாங்கியதும் கணக்கு சரியானது; பை இருப்பதால் நைசாக இருந்தாலும் அடைக்காது. ஊறியதும் தேங்காய்ப்பால் பிழிவது மாதிரி பையைப் பிழிகிறேன். பிழிந்தால் துவர்க்கும் என்பார்கள், எனக்கு ஒரு தடவையும் துவர்க்கவில்லை.

மின்னடுப்பில் கொதி வரவே முக்கால் மணி நேரம். அதற்காக மூடிபோட்டே கொதிக்கவிட்டால் வேகவைத்த சோள வாசனை ஏறிவிடும், திறந்தே ஒரு மணி நேரம் கொதிக்க வேண்டும். கொதியில் போடும் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) வாசனை அப்புறம் இரண்டு நாள் திரைச்சீலையில் இருக்கும். ஆற்றுவது மட்டும் சுலபம்: சிங்க்கில் ஐஸ் தண்ணீர், நாற்பது நிமிடம்.

என் மோசமான பீர்கள் எல்லாம் இதற்குப் பிறகு, ஈஸ்ட் போட்டு நொதிக்க வைக்கும் வாளிக்குள் கெட்டவை. ஜனவரியில் வெளியே 38 டிகிரி, ஈரத் துண்டு சுற்றி, ஐஸ் பாட்டில் மாற்றி மாற்றி வைத்தும் நெயில் பாலிஷ் வாசனை. இப்போது ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் காய்ச்சுகிறேன். இன்னொரு தடவை பொறுமையில்லாமல், நொதித்து முடியும் முன்னே அடர்த்தி 1.016-இலேயே பாட்டிலில் அடைத்து, இரண்டு பாட்டில் அலமாரிக்குள் வெடித்தன. மூன்று நாள் அடர்த்தி அசையாமல் நின்றால்தான் இப்போது பாட்டிலில் நுரை வருவதற்கான சர்க்கரை சேர்ப்பது, மொத்தத்துக்கும் 50 கிராம்.

ஐந்து மணி நேர வேலைக்கு 24 சின்ன பாட்டில், இந்தக் கணக்கு இன்னும் எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் எல்லாவற்றையும் தானே செய்யும் மின்பானை வாங்கமாட்டேன். காசு இருந்தால் வெப்பக் கட்டுப்பாட்டுடன் ஒரு பழைய ஃபிரிட்ஜ். அதை எங்கே வைப்பது என்று வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.