தப்ராஃபெனிப் + ட்ரமெடினிப்: மூளைக் கட்டிக்கு குடுத்த ஜோடி மாத்திரை பத்தி

அண்ணனுக்கு மூளையில கிரேடு 4 கிளையோமா, அதாவது வேகமா வளர்ற மூளைக் கட்டி. ஆபரேஷன், ரேடியேஷன், டெமோசோலோமைடுங்கிற கீமோ மாத்திரை எல்லாம் முடிஞ்சும் கட்டி திரும்ப வந்துடுச்சு, அப்புறம்தான் இந்த ரெண்டையும் எழுதிக் குடுத்தாங்க.

கட்டியில பிராஃப்ங்கிற ஜீன்ல வி600இங்கிற மாற்றம் (மியூட்டேஷன்) இருந்தா மட்டும்தான் இது, எல்லாருக்கும் கிடையாது. பெரியவங்களுக்கு வர்ற கிளையோபிளாஸ்டோமாங்கிற கிரேடு 4 கட்டியில நூத்துக்கு ரெண்டு மூணு பேருக்குத்தான் அது இருக்கும், சின்ன வயசுக்காரங்களுக்கு கொஞ்சம் கூடுதல். அதனால டெஸ்ட்டை கேட்டு வாங்குங்க, பெரும்பாலும் ஆபரேஷன்ல எடுத்து வச்ச கட்டித் துண்டே (பயாப்சி பிளாக்) போதும்.

ஏன் ரெண்டு மாத்திரைன்னா, பிராஃப் கெட்டுப்போனா செல்லுக்கு வளரச் சொல்லி சிக்னல் போய்ட்டே இருக்கும், தப்ராஃபெனிப் அதை அங்கேயே அடைக்குது, அதுக்கு அடுத்த படியில இருக்கற மெக்ங்கிற புரதத்தை ட்ரமெடினிப் அடைக்குது. முதல் மாத்திரை மட்டும் சாப்பிட்டா செல் சீக்கிரமே வேற வழி பிடிச்சுடும், தோல்ல புதுசா கேன்சர் வர்ற வாய்ப்பும் அதிகம், ரெண்டும் சேர்ந்தா அது குறையுது. ரோர்ங்கிற ட்ரயல்ல வேகமா வளர்ற கிளையோமா இருந்த 45 பேர்ல 15 பேருக்கு கட்டி நல்லாவே சுருங்கியிருக்கு. மூணுல ஒருத்தர்தானேன்னு தோணும், ஆனா திரும்பி வந்த கட்டிக்கு மத்த மருந்துங்க என்ன செய்யுதுன்னு பாத்தவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும்.

அண்ணனுக்கு மருந்து கேட்டுச்சு. எம்ஆர்ஐல கட்டி சுருங்கிருக்கு, ஸ்டெராய்டு குறைச்சாச்சு, வார்த்தை கிடைக்காம திணறிட்டு இருந்தவர் இப்ப அம்மாகிட்ட குழம்புல உப்பு பத்தலன்னு முழுசா சொல்றார், எங்களுக்கு அது போதும். குணமாயிடுச்சுன்னு டாக்டர் சொல்லல, நாங்களும் அப்படி நினைச்சுக்கல.

கஷ்டம் காய்ச்சல்தான். சாயங்காலம் நல்லா இருப்பார், ராத்திரி ரெண்டு போர்வை போட்டும் நடுங்குவார். 100.4 தாண்டினா ரெண்டு மாத்திரையையும் நிறுத்திட்டு ஃபோன் பண்ணுங்க, 24 மணி நேரம் காய்ச்சலே இல்லன்னா திரும்ப ஆரம்பிக்கலாம்னு எங்க டாக்டர் சொல்லியிருக்கார், தெர்மாமீட்டர் தலைமாட்டுலயே இருக்கு. ட்ரமெடினிப் மாத்திரை ஃப்ரிட்ஜ்ல, அதே பாட்டில்லதான் இருக்கணும், பில் பாக்ஸ்ல பிரிச்சு போடாதீங்க. வெறும் வயித்துல சாப்பிடணும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இல்ல ரெண்டு மணி நேரம் கழிச்சு. எக்கோ, கண் செக்கப், தோல் செக்கப் எதையும் தள்ளிப் போடாதீங்க. ஃபிட்ஸுக்கு ஃபெனிடாயின் சாப்பிடறவங்க கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அது தப்ராஃபெனிபோட பலத்தை குறைச்சுடும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்ணு குறைச்சது விலைக்காக, நம்மள மாதிரி குடும்பத்துக்கு மலை மாதிரி இருக்கு, மருந்து எழுதற அன்னிக்கே ஆஸ்பத்திரி சோஷியல் ஒர்க்கர்கிட்ட உதவித் திட்டம் ஏதாவது இருக்கான்னு கேட்டுடுங்க.