அடிப்படைவாதம்: மறைநூல் வழியா, வரலாற்று வழியா?

மத அடிப்படைவாதத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று வேலூர் நண்பர்கள் இருவர் கேட்டார்கள்.

நேரம்: மறைநூல் ஆயுளையே கேட்கும், வரலாற்றுக்குச் சில மாதம் போதும்.

எளிமை: மறைநூலில் வசனம் உடனே கிடைக்கும். ஆனால் அதே வசனத்தை ஓதும் கோடிப் பேர் சாதுவாக இருப்பது ஏன்?

வேர்: இங்கே வரலாறுதான். ‘அடிப்படைவாதம்’ என்ற பெயரே 1920இல் அமெரிக்கப் புராட்டஸ்டன்டுகளிடம் பிறந்தது; நவீன பைபிள் ஆய்வை எதிர்த்தவர்கள் பெருமையாகச் சூடிக்கொண்டது. நம் வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று ஆங்கிலேயருக்கு எதிராக நடந்த சிப்பாய் எழுச்சியையும் (அது அடிப்படைவாதம் அல்ல, சரியா?) புதுத் தலைப்பாகை அணியவும் நெற்றிக்குறியை விடவும் சிப்பாய்களுக்கு இட்ட ஆணைகளை மட்டும் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது, ஆங்கிலேயரிடம் தோற்ற திப்பு சுல்தானின் மகன்களும் அந்தக் கோட்டைக்குள்ளேதான் காவலில் இருந்தார்கள்.

வீட்டுக்குள் மாமாவோடு வாதாட வேண்டியவருக்கு மறைநூல். ‘ஏன் இந்தக் காலத்தில்?’ என்று கேட்பவருக்கு வரலாறு.