மண்டபம் ஊரில் ஒரு வீட்டு டியூஷன்: ஐந்துக்கு நாலு

என் மகள் எட்டாவது படிக்கிறாள். நாட்பட்ட சோர்வு நோய் என்று மதுரையில் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே வந்ததால் சொந்தக்காரர்களுக்கு இன்னும் அது சோம்பேறித்தனம்தான். 'செல்போனைப் பிடுங்குங்க, சரியாயிடும்.' சரி.

முதலில் அனுப்பிய டியூஷன் சென்டரில் ஹாலுக்கு நாற்பது பிள்ளைகள். சார் பாடம் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டே எழுத வேண்டும், நடுவில் கேள்வியும் வரும். ஒரு மணி நேரம் போய்வந்தால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான். நான்கு வாரத்தில் நிறுத்திவிட்டோம், கட்டிய பணம் போனது போனதுதான்.

இப்போது போவது மண்டபத்தில் ஒரு ரிட்டயர்ட் டீச்சர் வீட்டுக்கு, ஆறு மாதமாக. முதல் நாளே "பிள்ளைக்கு எதும்மா ஒத்துக்காது?" என்று கேட்டார். 2015-இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வுக்கூடத்தினர் இந்த நோயுள்ள பிள்ளைகளின் மூளையை எஃப்எம்ஆர்ஐயில் (மூளையில் எந்த இடம் உழைக்கிறது என்று காட்டும் ஸ்கேன்) வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். ஒரு கதையில் உயிரெழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டே கதையையும் புரிந்துகொள்ளச் சொன்னால், மற்ற பிள்ளைகளுக்கு மூளையின் முன்பகுதியில் இடப்பக்கம்தான் முக்கியமாக உழைக்கிறது, இவர்களுக்கு வலப்பக்கமும் சேர்ந்து உழைக்கிறது, அதாவது அதே வேலைக்குக் கூடுதல் செலவு. சோதித்தது நோயுள்ள 15 பிள்ளைகளைத்தான், அதையும் சொன்னேன்.

அடுத்த வகுப்பிலிருந்து டீச்சர் ஆளே மாறிவிட்டார். பாடம் கேட்கும்போது நோட்டு மூடியிருக்கும், குறிப்பை அவரே எழுதி ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறார். எழுதும் நேரத்தில் வாயே திறப்பதில்லை. இருபது நிமிஷம் பாடம், பத்து நிமிஷம் பாயில் சாய்ந்துகொள்ளலாம், மறுபடி இருபது நிமிஷம். நன்றாக இருக்கிற நாளில்கூட அதற்கு மேல் இழுப்பதில்லை, எனக்குப் பிடித்ததே இதுதான், ஏனென்றால் நல்ல நாளில் அதிகமாகச் செய்துவிட்டுத்தான் இவள் அடுத்த நாள் விழுவாள்.

நோய் ஒன்றும் போய்விடவில்லை. மறுநாள் எழுந்து பல் தேய்க்கிறாள், மதியம் வரைக்குமாவது பள்ளிக்கூடம் போகிறாள், எங்களுக்கு அது பெரிய விஷயம்.

குறையும் உண்டு. இன்வெர்ட்டர் கிடையாது, கரண்ட் போனால் கடல் காத்து மட்டும்தான், அதுவும் சித்திரையில் வராது. வாரம் மூன்று நாள்தான், பாடம் மெதுவாகத்தான் நகரும், பரீட்சைக்கு முன் பதற்றமாக இருக்கும். மாதம் 1,200 ரூபாய், பாம்பனிலிருந்து ஆட்டோவுக்கு அதைவிட அதிகம் ஆகிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் வகுப்புக்கு வைத்திருந்த தெம்பு பாலத்திலேயே தீர்ந்துவிடும்.