குண்டு நாவலும் அதன் முதுகும்

800 பக்க நாவல் நடுவில் பிளந்துவிட்டது, அடுத்து கெட்டி அட்டைப் பதிப்பாகப் பார்த்து வாங்கிவிடலாமா என்று நண்பர் கேட்டார். எழுத்து, அச்சு, தாள் எதிலும் எனக்குக் குறையில்லை. கோபமெல்லாம் தாள்களைச் சேர்த்துப் பிடிக்கும் முதுகின் மேல்தான்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியிலிருந்து நாம் சுமந்து வருபவற்றில் பெரும்பாலானவை பெர்ஃபெக்ட் பைண்டிங். 16 பக்க ஃபாரங்களை (மடித்த தாள் கட்டுகளை) அடுக்கி, மடிப்புள்ள ஓரத்தை 2, 3 மில்லிமீட்டர் சீவிவிட்டு, சூடான பசை தடவி அட்டையை ஒட்டுகிறார்கள். சீவிய கணத்திலேயே எல்லாம் உதிரித் தாள்கள். பசை ஒன்றுதான் பிடிமானம். ஆண்டுகள் போகப்போக அது இறுகி மொறுமொறுப்பாகிவிடும். உள்ஓரம் குறுகலாக இருந்தால் வாசிக்க விரித்து அழுத்துவோம். 'படக்'. வழவழப்பான ஆர்ட் தாள் படங்கள் முதலில் கழன்று வரும், பசை அதில் ஊறாது.

இதற்கு நேர்மாறு, பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் பைண்டு தொகுதிகள். 1950-54இல் 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வ'னை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, ஓவியர் மணியம் படங்களோடு வாசகர்களே பைண்டு செய்துவைத்தவை. பக்கவாட்டில் துளைபோட்ட முரட்டுத் தையல். நன்றாக விரியாது, ஓரத்து எழுத்தைத் தையல் விழுங்கும். ஆனால் தாள் பொடிந்தாலும் நூல் விடுவதில்லை! மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) கலந்திருந்தால் பூச்சியும் அண்டாது.

பிளந்ததைச் சரிசெய்ய செலோடேப் ஒட்டாதீர்கள். மஞ்சளாகிக் கறைதான் மிஞ்சும். அட்டையைப் பிரித்து, காய்ந்த பசையைச் சுரண்டி, தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி, முதுகு 3 மில்லிமீட்டர் துருத்த இரண்டு பலகைக்கு நடுவில் இறுக்குங்கள். ஹேக்ஸா பிளேடால் முதுகின் குறுக்கே 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு, 3 சென்டிமீட்டருக்கு ஒரு கீறல். கீறல்களில் பருத்தி நூல் பதித்து வெள்ளைப் பசையைத் தேய்த்து, மேலே மெல்லிய காடாத் துணி. ஓர் இரவு காயட்டும். பசையை அப்பிவிட்டால் முதுகு விறைத்து மறுபடி வெடிக்கும். மெல்லிய இரண்டு பூச்சு போதும்.

கெட்டி அட்டைக்கு வருவோம். முதுகின் மேல்முனையை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகள் தெரிந்தால் நூல் தையல். ஒரே வெட்டாக, தட்டையாக இருந்தால் உள்ளே அதே பசைதான். முனையில் தெரியும் வண்ணப் பட்டி வெறும் அலங்காரம். அப்படிப்பட்ட கெட்டி அட்டைக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

இவ்வளவு திட்டியும் என் பரிந்துரை மெல்லிய அட்டைப் பேப்பர்பேக்தான். பேருந்தில் ஒரு கையால் பிடித்து வாசிக்க வேறு வழியில்லை. புதிதில் நடுவில் விரிக்காமல், முன்னும் பின்னுமாகப் பத்துப் பத்துத் தாளாகப் பிரித்துப் பழக்குங்கள். மே மாத வெயிலில் காருக்குள் போட்டுவைக்காதீர்கள்.