டொமைன் உங்கள் பேரில்தான் இருக்கிறதா? இன்றைக்கே பாருங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பிளாக் எழுதுகிறவர்கள், கடைக்கோ பள்ளிக்கோ வெப்சைட் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பல வருடமாக நான் எழுதிவந்த பிளாக்கின் இணைய முகவரி, அதாவது டொமைன், இப்போது என் கையில் இல்லை. அதைத் தட்டினால் ஆன்லைன் சூதாட்ட விளம்பரம் வருகிறது.

2009இல் பிளாகரில் இலவசமாகத் தொடங்கினேன். கெடிலம் ஆறு, முதுநகர் மீன் ஏலம், மாணவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்த ஊர்க்கதைகள் என்று எழுதினேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது. கரண்ட் இல்லாத அந்த நாட்களில் எடுத்த படங்களைப் பிறகு ஒவ்வொன்றாக ஏற்றினேன். பண்ருட்டிப் பக்கம் வேரோடு சாய்ந்த பலா மரங்கள், முந்திரித் தோப்புகள், தேவனாம்பட்டினத்தில் உடைந்து கிடந்த படகுகள். வெளிநாட்டில் வேலை பார்த்த பிள்ளைகள் "எங்க தெரு எப்படி இருக்கு டீச்சர்?" என்று அந்தப் பதிவின் கீழே வந்து கேட்டார்கள். இங்கே இருந்தவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் எழுதினார்கள். இதை வெறும் பொழுதுபோக்கு என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

2014இல் மஞ்சக்குப்பத்தில் வெப் டிசைன் செய்யும் ஒருவர், சொந்தமாக ஒரு டாட் காம் பெயர் வாங்கி, வெப்சைட் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளுக்கு மாற்றித் தருகிறேன் என்றார். "நீங்க எழுதுங்க டீச்சர், மத்ததெல்லாம் என் பொறுப்பு" என்று சொன்னார். வருடத்துக்கு 3,500 ரூபாய். பழைய பிளாக்கை அப்படியே விட்டால் கூகுளில் இரண்டும் அடித்துக்கொள்ளும் என்று சொல்லி அதையும் அவரே அழித்துவிட்டார். அடுத்த வருட வெள்ளத்தில் என் கம்ப்யூட்டர் மூழ்கியது. அதன் பிறகு அந்தப் படங்கள் இருந்த ஒரே இடம் அவர் நடத்திய சர்வர்தான்.

2023இல் திடீரென்று கட்டணம் 18,000 என்றார். முடியாது என்றதும் தளம் திறக்கவில்லை. சரி, வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறேன், அதற்கான ஆத் கோடை (டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு) கொடுங்கள் என்று கேட்டேன். அதற்கு 25,000 கேட்டார்! அப்போதுதான் விசாரித்தோம். டொமைன் அவருடைய நிறுவனத்தின் பேரில், அவருடைய ஈமெயிலில் பதிவாகியிருந்தது. வருடா வருடம் பணம் கட்டியது நான். ஆவணப்படி உரிமையாளர் அவர். டொமைன் விற்ற நிறுவனத்துக்கு எழுதினால், பதிவு செய்தவரிடம் மட்டுமே பேசுவோம் என்று பதில் வந்தது.

அப்புறம் அவர் அதைப் புதுப்பிக்கவே இல்லை. டாட் காம் பெயர் காலாவதியானதும் உடனே பறிபோய்விடாது. காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் டொமைன் விற்ற நிறுவனம் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை உலகளவில் ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி. புதுப்பிக்காத பெயரை அந்த நிறுவனம் நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அது கழிந்து 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இத்தனை வாய்ப்பும் பதிவு செய்தவருக்குத்தான். எனக்கு ஒரு கடிதம்கூட வரவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்த பிறகு ஒரு பென் டிரைவில் பேக்கப் என்று கொடுத்தார். அது வேர்ட்பிரஸின் எக்ஸ்போர்ட் கோப்பு மட்டும்தான். அதில் எழுத்து இருக்கும், வாசகர்கள் எழுதியதும் இருக்கும். படங்கள் இருக்காது, படங்கள் இருந்த முகவரி மட்டும்தான் இருக்கும். அந்த முகவரிதான் செத்துவிட்டதே. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் தேடி எடுத்தவை சில, அவையும் சின்ன அளவில். தானே புயல் படங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது.

டொமைன் எப்படி இருக்க வேண்டும் என்றால், வாங்கிய கணக்கின் லாகின் உங்கள் ஈமெயிலில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டை மாற்றிப் பாருங்கள்; மாற்றும் இணைப்பு உங்கள் இன்பாக்ஸுக்கு வந்தால்தான் அது உங்களுடையது. டொமைன் விவரத்தைத் தேடிப் பார்க்கும் ஐகேனின் லுக்அப் பக்கத்தில் காலாவதித் தேதி தெரியும், பெயரைப் பெரும்பாலும் மறைத்திருப்பார்கள். அதனால் அதை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். டாட் காம் பெயருக்குச் சாதாரணமாக வருடம் ஆயிரம் ரூபாய் அளவில்தான் ஆகும், 10 வருடம் வரை முன்கூட்டியே கட்டலாம். டிசைனருக்கு வேலைக்கான கூலியைத் தனியாகக் கொடுங்கள். பில்லில் டொமைன் பெயரையும், அது யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதி வாங்குங்கள். என் பில்களில் 'வெப்சைட் பராமரிப்பு' என்று மட்டும் இருந்தது, அது அவருக்கு வசதியாகப் போய்விட்டது. வேர்ட்பிரஸ் என்றால் எக்ஸ்போர்ட் கோப்போடு படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினால் அன்றைக்கே வேறு ஆளைப் பாருங்கள்.

இதேபோல் மாட்டியிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பிரச்சினை எழுந்த 2 வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

என் பழைய முகவரியைப் பள்ளிக் குறிப்புகளிலோ வாட்ஸ்அப் குழுக்களிலோ பகிர்ந்திருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் அதைத் தொட்டால் சூதாட்டப் பக்கத்துக்குத்தான் போவார்கள்.