ஃபைனல் ஃபேன்டஸி 14: கடலூரில் உட்கார்ந்து ஆடுபவர் எந்த கிளாஸ் எடுக்கலாம்?

ஆறு வருஷம் ஒரே கேமில் வாளும் கேடயமுமாக முன்வரிசையில் நின்றவள் நான். அந்த கேமின் சர்வரை மூடிவிட்டார்கள். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. கடலூர் முதுநகரில் எங்கள் தெருவுக்கு கரண்ட் திரும்பி வந்த வாரம்தான், இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஃபைனல் ஃபேன்டஸி 14 என்ற புது கேமை இறக்கினேன். லாஸ்பேட்டையில் இருக்கும் என் சித்தி பையன் அதை ஏற்கெனவே மாதச் சந்தா கட்டி ஆடிக்கொண்டிருந்தான். "அக்கா, யோசிக்கவே வேணாம், நீ டேங்க்தான். உனக்குக் கை பழகின வேலை" என்றான். டேங்க் என்றால் முன்னே நின்று எதிரியின் அடியை வாங்குகிறவர். எனக்கும் அது சரி என்றே பட்டது. இரண்டு மாதம் கழித்து நான் வந்து நின்ற இடம் வேறு. அதனால்தான் இந்த விமர்சனத்தை கிராபிக்ஸ், கதை என்று தொடங்காமல் கிளாஸ் விஷயத்திலிருந்தே எழுதுகிறேன். கிளாஸ் என்றால் நம் கதாபாத்திரம் எடுத்துக்கொள்ளும் சண்டைத் தொழில்.

கேமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்கொயர் எனிக்ஸ் என்ற ஜப்பான் நிறுவனம் 2010இல் வெளியிட்டது. அப்போது எடுபடவில்லை. பிரித்து மறுபடி கட்டி 2013 ஆகஸ்டில் கொண்டுவந்தார்கள். இப்போது இலவசக் கணக்கிலேயே 70ஆம் லெவல் வரை, முதல் இரண்டு விரிவாக்கங்களும் (பின்னால் சேர்த்த கதைத் தொகுப்புகள்) சேர்த்து, நாள் கணக்கில்லாமல் ஆடலாம். பைசா செலவில்லாமல் இவ்வளவு தரும் வேறு கேமை நான் ஆடியதில்லை. கதை நீளம், ஆரம்பம் மெதுவு. பொறுமையாகப் படிக்கிறவர்களுக்கு அது குறையாகத் தெரியாது.

இதில் ஒரே கதாபாத்திரம் எல்லா கிளாஸையும் கற்கலாம். கையில் இருக்கும் ஆயுதத்தை மாற்றினால் கிளாஸ் மாறிவிடும். அப்படியென்றால் எதை எடுத்தால் என்ன என்று நானும் நினைத்தேன். அது அப்படி இல்லை. முதலில் எடுக்கும் கிளாஸ்தான் எந்த ஊரில் தொடங்குகிறீர்கள் என்பதை முடிவு செய்கிறது. அந்த கிளாஸை 10ஆம் லெவல் வரை கொண்டுபோய் அதன் குவெஸ்டை (அதற்கென்று தரும் பணி) முடித்த பிறகே அடுத்த கிளாஸைக் கற்றுத்தரும் சங்கத்தின் கதவு திறக்கும். பெரிய விஷயம் இன்னொன்று. லெவலை ஏற்றுவது அனுபவப் புள்ளி. முக்கியக் கதை தரும் புள்ளி ஒரு தடவைதான் கிடைக்கும். அதை எந்த கிளாஸில் வாங்குகிறீர்களோ அதுதான் சுலபமாக ஏறும். மற்றதையெல்லாம் டன்ஜன் டன்ஜனாக (குழுவாகப் போய்ச் சண்டை போடும் குகை, கோட்டை மாதிரி இடங்கள்) போய்த் தனியாக ஏற்ற வேண்டும்.

நான் கிளாடியேட்டர் என்ற டேங்க் கிளாஸை எடுத்தேன், உல்டா என்ற பாலைவன ஊரில் தொடங்கினேன். பெயரும் கேடயமும் பழையதுபோலவே இருந்தன. வேலை வேறு. 15ஆம் லெவலில் சஸ்தாஷா என்ற கடற்கொள்ளையர் குகைக்குள் நாலு பேராகப் போக வேண்டும்: ஒரு டேங்க், ஒரு ஹீலர் (மற்றவர்களுக்கு உயிர் ஏற்றுகிறவர்), அடிக்கிறவர்கள் இருவர். டேங்க் முன்னே நடக்க வேண்டும், வழி தெரிந்திருக்க வேண்டும். பழைய கேமில் ஒவ்வொரு மூலையும் எனக்கு மனப்பாடம். இங்கே பின்னால் வரும் மூவருக்கும் வழி தெரியும், முன்னால் போகிற எனக்குத் தெரியாது. பழைய பெயரை நம்பி கிளாஸ் எடுப்பதில் இருக்கும் சிக்கல் இதுதான். அந்த ஆறு வருஷத் திறமை கேடயத்தில் இருக்கவில்லை, அந்த கேமின் பாதைகளைத் தெரிந்து வைத்திருந்ததில் இருந்தது.

இரண்டாவது சிக்கல் தூரம். இந்த கேமின் சர்வர்கள் இருக்கும் டேட்டா சென்டர்கள் ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியாவில் இருக்கின்றன. இந்தியாவில் இல்லை. எங்கள் வீட்டு ஃபைபர் இணைப்பிலிருந்து ஜப்பானுக்கு பிங், அதாவது தகவல் போய்த் திரும்பும் நேரம், 150 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்கியதே இல்லை. எதிரி அடிக்கப்போகும் இடத்தில் தரையில் ஆரஞ்சு நிறத்தில் வட்டம் வரும், அது மறையும் கணத்தில் சர்வரின் கணக்கில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் அடி விழும். என் திரையில் நான் வெளியே வந்துவிட்டேன், சர்வருக்கு நான் இன்னும் உள்ளே. அடி விழுந்த பிறகு இது புரிந்து பயனில்லை. வட்டம் தெரிந்ததுமே கிளம்பிவிட வேண்டும்.

அப்புறம் நிஞ்சா என்ற அடிக்கிற கிளாஸை முயன்றேன். அதற்கு முதலில் லிம்சா லொமின்சா என்ற துறைமுக ஊரில் ரோக் என்ற கிளாஸில் சேர்ந்து 30ஆம் லெவலைத் தொட வேண்டும். தை மாதம் முழுவதும் அதற்கே போனது. நிஞ்சாவின் கை அடையாளங்களுக்கு முத்திரை என்றுதான் பெயர். டென், சி, ஜின் என்று மூன்று முத்திரைகள், ஒவ்வொரு தாக்குதலுக்கும் அதற்குரியதை வரிசை மாறாமல் பிடிக்க வேண்டும். டென், சி என்று பிடித்தால் மின்னல் இறங்கும், தப்பினால் தலைமேல் ஒரு முயல் வந்து உட்காரும். பார்க்க அவ்வளவு அழகான கிளாஸ். பக்கத்தில் சர்வர் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். என் விரல் ஒரு நேரத்தில் அழுத்த, திரை இன்னொரு நேரத்தில் பதில் சொன்னது. ஒரு முக்கிய அடிக்கும் அல்லது ஸ்பெல்லுக்கும் (மந்திரம்) அடுத்ததற்கும் நடுவே பொதுவாக 2.5 விநாடி இடைவெளி. அந்த இடைவெளிக்குள் இரண்டு மூன்று பொத்தான்களைச் செருகச் சொல்லும் கிளாஸ் எதுவானாலும் நம் ஊர் பிங்கில் கஷ்டம். துப்பாக்கி பிடிக்கும் மெஷினிஸ்ட் கிளாஸும் அப்படித்தான். அதன் ஹைப்பர்சார்ஜ் என்ற திறனை அழுத்தினால் அந்த இடைவெளி 1.5 விநாடியாகச் சுருங்கிவிடும்.

லிம்சாவில் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் ஆர்கனிஸ்ட் (Arcanist) என்ற கிளாஸின் சங்கத்தைப் பார்த்தேன். அது இருப்பது சுங்கச் சாவடியில். கப்பலில் வரும் சரக்கைச் சோதிக்கிறவர்கள், கணக்குப் போடுகிறவர்கள்தான் அங்கே மந்திரவாதிகள். புத்தகத்தைத் திறந்து வைத்து அதிலிருந்து மந்திரம் போடுவார்கள். என் அப்பா முதுநகர் துறைமுகத்தில் தோணியில் வந்து இறங்கும் உர மூட்டைகளுக்குக் கணக்கு எழுதியவர். நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்து மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். அன்று ராத்திரியே சேர்ந்துவிட்டேன். மனசுக்குப் பிடித்து எடுத்த கிளாஸ் இது. ஆனால் இதை உங்களுக்கும் சொல்வதற்குக் காரணம் அது மட்டும் இல்லை.

ஆர்கனிஸ்ட் 30ஆம் லெவலில் இரண்டாகப் பிரியும்: அடிக்கிற சம்மனர், குணப்படுத்துகிற ஸ்காலர். இரண்டுக்கும் ஒரே லெவல் கணக்கு, ஒன்றை ஏற்றினால் மற்றதும் கூடவே ஏறிவிடும். புது கேமுக்கு வந்து எது தனக்குச் சரி என்று தெரியாமல் நிற்பவருக்கு இது பெரிய உதவி. சம்மனரின் பெரும்பாலான ஸ்பெல்கள் அழுத்தியதும் போய்விடும், நகர்ந்துகொண்டே அடிக்கலாம். ஸ்காலருடன் ஒரு தேவதை வரும். நான் ஒன்றும் செய்யாவிட்டாலும் அது யாருக்கு உயிர் குறைகிறதோ அவருக்குத் தானாகவே ஏற்றிக்கொண்டிருக்கும்.

ஸ்காலரின் உயிர்நாடி அட்லோக்வியம் என்ற ஸ்பெல். கொஞ்சம் உயிரையும் ஏற்றி மேலே ஒரு காப்பும் போடும், அடுத்து வரும் அடியை அது வாங்கிக்கொள்ளும். அடி விழுந்த பிறகு ஓடிப் போய்ச் சரிசெய்கிற வேலை இல்லை இது. பாஸ், அதாவது டன்ஜனின் பெரிய எதிரி, கையை ஓங்கும் முன்பே போட்டு வைக்க வேண்டும். முன்கூட்டியே போடுகிற காப்புக்கு 150 மில்லிசெகண்ட் ஒரு பொருட்டே இல்லை. பாஸின் அடுத்த அடி எப்போது என்று நினைவில் வைத்திருந்தால் போதும், அது எனக்கு வரும். கடையில் மார்ச் மாதச் சரக்கு எப்போது தீரும் என்று பிப்ரவரியிலேயே எழுதி வைக்கிற கைதானே.

நேர விஷயத்தையும் சொல்ல வேண்டும். அம்மா படுத்த பிறகு ஒன்பதரை மணிக்குத்தான் நான் உட்காருவேன். அப்போது ஜப்பானில் ராத்திரி ஒரு மணி. அடிக்கிற கிளாஸாக வரிசையில் நின்றால் டன்ஜனுக்கு ஆள் சேரவே இருபது நிமிஷம் ஆகிறது. ஹீலராக நின்றால் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் கூப்பிட்டுவிடுகிறார்கள். பதினோரு மணிக்குப் படுத்தாக வேண்டிய ஆளுக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணி என்றால் அங்கே ஏழரை. அப்போது எந்த கிளாஸும் ஓடும். ஜப்பான்காரர்கள் உள்ளே வந்ததும் "யொரொஷிகு" (பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல) என்பார்கள், முடிந்ததும் "ஒட்சுகரே" (நல்ல உழைப்பு என்பதுபோல) என்பார்கள். மொழி தெரியாவிட்டாலும், கேமிலேயே இருக்கும் வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் திரையில் ஜப்பானியில் தெரியும்.

இலவசக் கணக்கில் எடுக்க முடியாத கிளாஸ்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: கன்பிரேக்கர், டான்ஸர், ரீப்பர், சேஜ் எல்லாம் பிந்தைய விரிவாக்கங்களில் வந்தவை, காசு கட்டினால்தான் கிடைக்கும். சாமுராயும் ரெட் மேஜும் உண்டு, ஆனால் வேறொரு கிளாஸில் 50ஐத் தொட்ட பிறகு. அவசரப்பட்டுச் சந்தா கட்டாதீர்கள். ஒருமுறை கட்டிய கணக்கை மறுபடி இலவசக் கணக்காக்க முடியாது. நான் சேர்ந்தபோது இலவசக் கணக்கில் நாமாகக் குழு தொடங்க முடியாது, யாராவது அழைத்தால் சேரலாம். தம்பி சந்தா கட்டியிருந்ததால் எனக்கு அது தடையாகவில்லை. தனியாக வருபவர் இதையும் யோசிக்க வேண்டும்.

பக்கத்தில் நின்று குத்துவதில்தான் சந்தோஷம் என்பவருக்கு ஸ்காலர் சலிக்கும். தம்பி அந்த வகை. ஈட்டி பிடித்த டிராகூன், குதித்துக் குதித்துத்தான் அடிப்பான். அவனிடம் ஹீலர் வேலையைக் கொடுத்தால் இரண்டு நாள் தாங்க மாட்டான். அவனுக்கு நான் எதையும் மாற்றச் சொல்லவில்லை.

போன ஞாயிறு சேர்ந்து போனோம். எனக்கு 63ஆம் லெவல். பாஸ் கையை ஓங்கியது, அவன் வழக்கம்போல வட்டத்துக்குள்ளேயே குதித்தான். காப்பு அவன்மேல் ஏற்கெனவே இருந்தது. ஃபோனில் கத்தினான்: "அக்கா, எப்ப போட்ட?"

"நீ குதிக்கறதுக்கு முன்னாடியே போட்டாச்சுடா."