ரூபியா முதல் ஜீன்ஸ் வரை: ஆறு வருடமாக ஒரே தையல் மிஷின்

என்னிடம் இருப்பது நேர்த்தையல் மட்டும் போடும் கறுப்பு மிஷின். மிதி ஸ்டாண்டோடு வாங்கி, முட்டி வலி வந்ததும் பக்கத்தில் ஒரு மோட்டார் மாட்டிக்கொண்டேன். ஜாக்கெட், நைட்டி, ஸ்கிரீன், பக்கத்து வீட்டுப் பையனின் ஜீன்ஸ் என்று எல்லாம் இதில்தான்.

முதல் வருடம் எந்தத் துணியானாலும் 16-ம் நம்பர் ஊசிதான் (நம்பர் கூடக் கூட ஊசி தடிமன்), உடையும் வரை மாற்றவும் மாட்டேன். ரூபியா, பாப்ளின் மாதிரி காட்டன் துணிகளில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பட்டு ஜாக்கெட்டில் மாட்டிக்கொண்டேன். தையல் ஓரமெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை. பட்டில் ஒரு தடவை குத்தினால் குத்தியதுதான், பிரித்தாலும் போகாது. இப்போது பட்டுக்கும் ஷிஃபானுக்கும் 11, காட்டனுக்கு 14, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18.

ஷிஃபான் இன்னொரு தலைவலி. ஆரம்பித்த இடத்திலேயே, ஊசி இறங்கும் தகட்டு ஓட்டைக்குள் துணியை இழுத்துக்கொள்ளும். அடியில் மெல்லிய தாள் வைத்து, இரண்டு நூல் முனையையும் பின்னால் பிடித்துக்கொண்டு தைத்தால் ஓடுகிறது, முடித்ததும் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். செய்தித்தாள் மட்டும் வேண்டாம், மை ஒட்டிவிடும்.

பனியன் துணியில் தையல் விட்டு விட்டு விழ, மிஷின் போய்விட்டது என்றே நினைத்து மெக்கானிக்கை இரண்டு தடவை கூப்பிட்டேன். அவர் எண்ணெய் விட்டு, டென்ஷனை (நூலின் இறுக்கத்தை) திருகி, காசு வாங்கிக்கொண்டு போனார், மறுநாள் பழைய கதைதான். கடைசியில் பால் பாயின்ட் ஊசி போட்டதும் சரியாகிவிட்டது. அதன் முனை உருண்டையாக இருப்பதால் இழையைக் குத்தாமல் இழைகளுக்கு நடுவே புகுந்து போகிறது. ஆனாலும் தலை நுழையும் கழுத்துப் பகுதியில் நேர்த்தையல் நிற்காது, இழுத்தால் நூல் அறுந்துவிடும். அதற்கு வளைந்து வளைந்து தையல் போடும் ஜிக்ஜாக் மிஷின்தான் வேண்டும்.

ஜீன்ஸ் கால் மடிப்பில் உள்பக்கத் தையல் வரும் இடத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு அடுக்கு சேரும். அங்கே மோட்டாரில் வேகமாக ஓட்டித்தான் மூன்று ஊசி உடைத்தேன் (ஒன்றின் துண்டு கண்ணாடியில் பட்டுத் தெறித்தது, கண்ணாடி போடும் பழக்கத்துக்கு அன்று நன்றி சொன்னேன்). இப்போது சுத்தியலால் அந்த இடத்தைத் தட்டித் தட்டையாக்கி, துணியை மேலிருந்து அழுத்தும் பாதம் ஒரு பக்கம் தூக்காமல் இருக்கப் பின்னால் மடித்த அட்டையை வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றியே தாண்டுகிறேன். தையலும் கொஞ்சம் நீளமாக, 3 மில்லிமீட்டருக்கு மேல்.

டென்ஷன் பற்றி ஒன்று. கீழ்நூல் மேலே தெரிந்தால் மேல்நூல் இறுக்கம் என்பது சரிதான், ஆனால் உடனே ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். நூலைக் கழற்றி மறுபடி கோத்து, ஊசியை மாற்றிப் பாருங்கள். எனக்குப் பாதித் தடவை அதிலேயே முடிந்துவிடுகிறது.

வெல்வெட் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. கீழ்த்துணியை, துணியை நகர்த்த அடியில் இருக்கும் பல் இழுத்துக்கொண்டு போக, மேல்துணி பின்தங்கி, கடைசியில் அரை இன்ச் மிச்சம் நிற்கிறது. கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டுதான் மிஷினில் வைக்கிறேன், அப்படியும் கால் இன்ச்.